பழைய காருக்கு மின் மோட்டார்: பாகங்களை வாங்கும் முன் எக்ஸெல்லில் ஒரு கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களில், அதில் ஏதாவது ஒரு பாகத்தை மாற்றி வேகத்தைக் கூட்ட வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வருகிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ். அதற்குத் தேவையான மின்சாரத்தைத் தர முடியாமல், கேம் தொடங்கிய உடனேயே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். கார்டிலும் குறை இல்லை, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் குறை இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பழைய கார்களின் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின் மோட்டார் வைப்பவர்களும் இதே சிக்கலைச் சந்திக்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. முதலில் ஒரு சிறிய மோட்டாரை வைத்து ஓட்டுவார்கள். பின் பெரிய மோட்டார் வேண்டும் என்று தோன்றும். அதை மாட்டினால் கியர் பாக்ஸ் உடையும். அதை மாற்றினால் ஆக்ஸில் முறியும். கம்ப்யூட்டரிலாவது ரீஸ்டார்ட்டோடு போகும். இங்கு ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கார் கெட்டுவிடும். உள்ளே இருப்பவரின் உயிருக்கும் ஆபத்து. எனவே பணத்தை எடுக்கும் முன் எந்தப் பாகத்தை எந்த அளவுக்கு மாற்றலாம் எனக் கணக்கிட வேண்டும். அதற்கு உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எக்ஸெல் போதும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமும் போதும். எப்படி என்று இங்கு பார்க்கலாம்.

எடுத்துக்காட்டாக ஜெர்மனியின் போக்ஸ்வேகன் பீட்டில் காரை எடுத்துக் கொள்கிறேன். 2003 ஜூலையில் மெக்சிகோவில் கடைசிக் கார் தயாராகும் வரை, 2 கோடியே 15 லட்சத்திற்கும் மேற்பட்ட பீட்டில்கள் வெளிவந்தன. இன்ஜின் பின்புறம் இருப்பதாலும், அமைப்பு எளிமையாக இருப்பதாலும், மின் மோட்டாருக்கு மாற்றுபவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் கார்களில் இதுவும் ஒன்று.

சங்கிலியில் உள்ள பாகங்கள்

மின்சாரம் பேட்டரியில் தொடங்கிச் சக்கரத்தில் முடிகிறது. இடையில் உள்ளவை வருமாறு:

1. பேட்டரி: மின் சக்தியைச் சேமித்து வைக்கிறது.
2. பி.எம்.எஸ்.: பேட்டரியின் ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் சிறு கம்ப்யூட்டர்.
3. இன்வெர்ட்டர் அல்லது கண்ட்ரோலர்: ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று பார்த்து, அதற்கேற்ப மோட்டாருக்கு மின்சாரம் அனுப்புகிறது. இதுவும் கம்ப்யூட்டர் தான்.
4. மோட்டார்.
5. அடாப்டர் பிளேட் மற்றும் கப்ளர்: மோட்டாரைப் பழைய கியர் பாக்ஸுடன் இணைப்பவை.
6. கியர் பாக்ஸ்.
7. ஆக்ஸில், சக்கரம், டயர்.

இவற்றுடன் பிரேக்கையும் சேர்த்துக் கொள்ளுங்கள். காரை ஓட வைக்கும் பாகம் இல்லை என்றாலும், மேலே ஒன்றை மாற்றும் போதெல்லாம் இதையும் பார்த்தாக வேண்டும். ஏன் என்று பின்னர் சொல்கிறேன்.

முதல் கணக்கு: வேகம்

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். செல்களின் பெயர்களை இங்கு தமிழில் தருகிறேன். டைப் செய்கையில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துங்கள். ஏ வரிசையில் பெயர்களையும், பி வரிசையில் எண்களையும் அமைக்கவும்.

பி1: மோட்டார் ஒரு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கை: 3600
பி2: கியர் விகிதம்: 0.89
பி3: இறுதி விகிதம்: 4.375
பி4: டயரின் சுற்றளவு, மீட்டரில்: 2

பி5 செல்லில் =பி1/(பி2*பி3)*பி4*60/1000 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 111 என்ற அளவில் விடை கிடைக்கும். இது மணிக்கு எத்தனை கி.மீ. என்ற வேகம்.

நான் இங்கு தந்துள்ளவை, 1960-களில் வந்த 34 குதிரைத்திறன் பீட்டிலின் நான்காவது கியருக்கான எண்கள். அந்தக் காரின் அதிகபட்ச வேகம் 115 கி.மீ. அளவில் இருந்தது. நம் கணக்கும் அதன் அருகிலேயே வருகிறது. தெரிந்த விடை ஒன்றுடன் இப்படி ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஷீட்டை நம்ப வேண்டும். எந்த ஷீட் தயாரித்தாலும் இந்தப் பழக்கம் உதவும்.

இப்போது பி2-ல் 1.32 என மாற்றுங்கள். இது மூன்றாவது கியர். பி1-ல் 8000 என அமையுங்கள். விடை 166 கி.மீ. என வரும். பெட்ரோல் இன்ஜின் 8000 சுற்றுக்குப் போகாது. ஆனால் நிசான் லீஃப் போன்ற கார்களின் மோட்டார் நிமிடத்திற்கு 10,000 சுற்றுக்கும் மேல் செல்லும். மின் மோட்டாருக்கு நான்கு கியர் தேவையில்லை என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடுகிறது. ஆனால், பழைய கியர் பாக்ஸின் பேரிங்குகள் அவ்வளவு வேகத்திற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஷீட்டில் 166 வருகிறது என்பதற்காகச் சாலையில் முயன்று பார்க்கக் கூடாது.

இரண்டாவது கணக்கு: முறுக்கு விசை

அடுத்து நாம் பார்க்க வேண்டியது டார்க் எனப்படும் முறுக்கு விசை. சக்கரத்தை எவ்வளவு பலத்துடன் திருப்புகிறோம் என்பதன் அளவு இது. நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். மோட்டாரின் முறுக்கு விசையை கியர் விகிதத்தாலும், இறுதி விகிதத்தாலும் பெருக்கினால் சக்கரத்தில் கிடைப்பது வரும்.

பழைய பீட்டில் இன்ஜின் தந்தது ஏறத்தாழ 82 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதம் 3.80. எனவே சக்கரத்தில், 82 x 3.80 x 4.375 = 1363.

2010 இறுதியில் விற்பனைக்கு வந்த முதல் லீஃப் மாடலின் மோட்டார் 80 கிலோவாட், 280 நியூட்டன் மீட்டர். விபத்தில் சேதமான லீஃப் கார்களிலிருந்து இந்த மோட்டாரை எடுத்துப் பழைய கார்களில் பொருத்துவது பரவலான வழக்கம். இதை அதே கியர் பாக்ஸில் மாட்டினால் என்ன ஆகும்?

முதல் கியர்: 280 x 3.80 x 4.375 = 4655
இரண்டாவது கியர்: 280 x 2.06 x 4.375 = 2523
மூன்றாவது கியர்: 280 x 1.32 x 4.375 = 1617

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். பெட்ரோல் இன்ஜின் முதல் கியரில் தந்ததைக் காட்டிலும், இந்த மோட்டார் மூன்றாவது கியரிலேயே அதிகம் தருகிறது. அதுவும் நின்ற நிலையிலிருந்தே தருகிறது.

அப்படியானால் 4655 கிடைக்கும் முதல் கியரில் கார் பறக்குமா? பறக்காது. தரையைப் பிடித்துக் கொள்வது டயர். அதற்கும் ஓர் எல்லை உண்டு. பின் சக்கரங்களின் மேல் 600 கிலோ எடை இருப்பதாக வைத்துக் கொள்வோம். காய்ந்த தார்ச் சாலையில் உராய்வு 0.9 எனக் கொண்டால், 600 x 9.8 x 0.9 = 5292 நியூட்டன். இதைச் சக்கரத்தின் ஆரமான 0.32 மீட்டரால் பெருக்கினால் சுமார் 1700 நியூட்டன் மீட்டர். இதற்கு மேல் தரப்படும் விசை டயரை வழுக்கிச் சுழல வைக்கும். அல்லது டயருக்கு முன் சங்கிலியில் எது பலவீனமோ, அது உடையும். பெரும்பாலும் அது கியரின் பற்கள் அல்லது ஆக்ஸில்.

ஆக, மோட்டார் பெரிது என்பதால் மட்டும் கார் வேகமாகாது என்பதை இந்த ஷீட் காட்டிவிடுகிறது. முதல் கியரில் 102 நியூட்டன் மீட்டரே டயரின் எல்லையைத் தொட்டுவிடும். மீதி முழுவதும் பாகங்களை உடைக்கவே பயன்படும்.

இன்னொரு விஷயம். மோட்டார் தன் முழு முறுக்கு விசையை எல்லா வேகத்திலும் தராது. கிலோவாட்டை 9550-ஆல் பெருக்கிச் சுற்று எண்ணிக்கையால் வகுத்தால், அந்த வேகத்தில் எவ்வளவு தரும் எனத் தெரியும். 80 கிலோவாட் மோட்டார் ஏறத்தாழ 2700 சுற்று வரை 280 தரும். 6000 சுற்றில், 9550 x 80 / 6000 = 127 தான். விளம்பரத்தில் உள்ள ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து மோட்டார் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது கணக்கு: பேட்டரி

எஸ்.எம்.பி.எஸ். கதை இங்கு தான் வருகிறது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். உங்கள் பேட்டரி தரக்கூடிய அதிகபட்ச ஆம்பியரை, அதன் வோல்ட்டால் பெருக்குங்கள். அந்த எண் மோட்டாரின் வாட்டைவிடக் குறைவு என்றால், பெரிய மோட்டார் வாங்கிப் பயனில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடன் பேட்டரியின் வோல்டேஜ் இறங்கும். பி.எம்.எஸ். அதைக் கண்டு மின்சாரத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும்.

வோல்டேஜ் எவ்வளவு என்பதும் முக்கியம். 80 கிலோவாட்டை 144 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க 556 ஆம்பியர் வேண்டும். லீஃப் காரில் உள்ளது போன்ற 360 வோல்ட் பேட்டரி என்றால் 222 ஆம்பியர் போதும். கம்பியில் உண்டாகும் வெப்பம் ஆம்பியரின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 556-ஐ 222-ஆல் வகுத்தால் 2.5. அதன் இருமடி 6.25. அதாவது ஒரே கம்பியில் ஆறு மடங்கு வெப்பம்! முன்பு சிறிய மோட்டாருடன் 144 வோல்ட்டில் ஓட்டியவர் பெரிய மோட்டாருக்கு மாறினால் பேட்டரி, கேபிள், பியூஸ், காண்டாக்டர் எனப்படும் பெரிய மின் சுவிட்ச் எல்லாவற்றையும் மாற்ற நேர்வது இதனால்தான்.

ஆனால் வோல்டேஜ் கூடும் போது ஆபத்தும் கூடும். 360 வோல்ட் டி.சி. மின்சாரம் உயிரைப் பறிக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பின்னும் இன்வெர்ட்டருக்குள் உள்ள கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். இந்த வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே விட வேண்டும். நீங்கள் ஷீட் தயாரிக்கலாம். ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

கியர் பாக்ஸும் ஆக்ஸிலும்

இங்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, பழைய கியர் பாக்ஸையே வைத்துக் கொண்டு, மோட்டாரின் விசையை சாப்ட்வேர் மூலம் குறைப்பது. லீஃப் மோட்டாரை 140 நியூட்டன் மீட்டருக்கு மட்டுப்படுத்தி இரண்டாவது கியரில் ஓட்டினால், சக்கரத்தில் 1262 கிடைக்கும். பழைய காரின் முதல் கியருக்கு இது கிட்டத்தட்ட சமம். கார் சுறுசுறுப்பாகவே ஓடும். அப்போதும் கியர் பாக்ஸுக்குள் நுழையும் விசை முன்பைவிட 1.7 மடங்கு என்பதால், குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதே நல்லது. அடாப்டர் பிளேட்டும் கப்ளரும் மிகத் துல்லியமாக நடுவில் அமைய வேண்டும். சற்று விலகினாலும் அதிர்வு வந்து பேரிங் தேயும்.

இரண்டாவது வழி, கியர் பாக்ஸையே எடுத்துவிட்டு, மின் காரின் மோட்டாருடன் வரும் ஒரே விகித கியர் பெட்டியைப் பொருத்துவது. லீஃபில் இதன் விகிதம் 7.94. சக்கரத்தில் 280 x 7.94 = 2223 கிடைக்கும். அந்தப் பெட்டி அந்த மோட்டாருக்காகவே செய்யப்பட்டது என்பதால் பயமில்லை. ஆனால் பழைய பீட்டில்களில் பின் ஆக்ஸில் குழாய்கள் கியர் பாக்ஸுடனேயே இணைந்திருக்கும். கியர் பாக்ஸை எடுத்தால் பின்புற சஸ்பென்ஷனையே மாற்ற வேண்டியதாகிவிடும். 1960-களின் கடைசியில் சில மாடல்களில் வந்த, இரு முனையிலும் மூட்டு உள்ள தனி ஆக்ஸில் அமைப்பு இதற்கு ஏற்றது. ஒரு பாகத்தை மாற்றப் போய் எத்தனை பாகம் மாறுகிறது, பாருங்கள்.

பிரேக்கை மறக்க வேண்டாம்

இரண்டு நிறுவனங்கள் தாமே செய்து காட்டிய மாற்றங்களை ஒப்பிட்டால் இது நன்கு விளங்கும்.

2017-ல் ஜாகுவார் நிறுவனம், 1968-ஆம் ஆண்டின் இ-டைப் கார் ஒன்றை மின்சாரத்திற்கு மாற்றிக் காட்டியது. 220 கிலோவாட் மோட்டார், 40 கிலோவாட் மணி பேட்டரி. இன்ஜின் இருந்த இடத்தில் அதே அளவிலும், ஏறத்தாழ அதே எடையிலும் பேட்டரியை வைத்தார்கள். கியர் பாக்ஸ் இருந்த இடத்தில் மோட்டார். மொத்தத்தில் கார் பழையதைவிட 46 கிலோ குறைந்தது. எடை கூடாததால் பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

2019-ல் போக்ஸ்வேகனும், இகிளாசிக்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனமும் சேர்ந்து பீட்டிலை மாற்றின. 60 கிலோவாட் மோட்டாரும் ஒரே விகித கியர் பெட்டியும் அந்நிறுவனத்தின் இ-அப் என்ற சிறிய மின் காரிலிருந்து வந்தவை. பேட்டரி 36.8 கிலோவாட் மணி. ஒரு முறை சார்ஜ் செய்தால் சுமார் 200 கி.மீ. ஓடும். வேகம் 150 கி.மீ. வரை. ஆனால் எடை 1280 கிலோ ஆகிவிட்டது. பழைய பீட்டில் சுமார் 800 கிலோ தான். எனவே அடிச்சட்டத்தையும் பிரேக்கையும் பலப்படுத்தினார்கள்.

இதையும் ஷீட்டில் பார்க்கலாம். ஓடும் காரின் ஆற்றல், எடையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கக் கிடைப்பது. வேகத்தை நொடிக்கு மீட்டராக மாற்ற 3.6-ஆல் வகுக்கவும். 800 கிலோ கார் 115 கி.மீ. வேகத்தில் செல்கையில் சுமார் 408 கிலோஜூல். 1280 கிலோ கார் 150 கி.மீ. வேகத்தில் சுமார் 1111 கிலோஜூல். நிறுத்துகையில் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 2.7 மடங்கு! 34 குதிரைத்திறனுக்காக வைத்த டிரம் பிரேக் இதைத் தாங்கும் என்று நம்பி ஓட்ட முடியாது.

மின் மோட்டாரும் பிரேக் பிடிக்கும். அப்போது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் என்பது உண்மை. ஆனால் பீட்டிலில் அது பின் சக்கரங்களில் மட்டுமே வேலை செய்யும். ஈரச் சாலையில் அளவுக்கு மீறி அமைத்தால் கார் சறுக்கும். பேட்டரி முழுவதும் சார்ஜ் ஆகியிருந்தால் மின்சாரத்தை ஏற்க இடமும் இராது. எனவே மோட்டார் பிரேக்கை உபரி வசதியாக மட்டுமே கொள்ளுங்கள்.

லேப்டாப்பை இணைக்கும் போது

இன்றைய இன்வெர்ட்டர்களை லேப்டாப் மூலம் செட் செய்திடலாம். அதிகபட்ச ஆம்பியர், முறுக்கு விசை, சுற்று எண்ணிக்கை, மோட்டார் பிரேக்கின் அளவு எனப் பல செட்டிங்குகள் இருக்கும். பாகங்கள் தமக்குள் பேசிக் கொள்வது கேன் பஸ் என்ற முறையில். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட முறை இது. பழைய காரில் லீஃபின் மோட்டாரை வைத்துவிட்டால் மட்டும் ஓடாது. அதன் இன்வெர்ட்டர் எதிர்பார்க்கும் செய்திகளை கேன் பஸ் வழியாக யாராவது அனுப்ப வேண்டும். அதற்கெனத் தனிச் சிறு போர்டுகள் கிடைக்கின்றன.

செட்டிங்கைத் தொடும் முன் கவனிக்க வேண்டியவை:

* இப்போதுள்ள செட்டிங் முழுவதையும் ஒரு பைலாகச் சேவ் செய்திடுங்கள். பைல் பெயரில் தேதியைச் சேருங்கள்.
* ஒரு முறைக்கு ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். இரண்டை மாற்றினால், எதனால் மாற்றம் வந்தது என்று தெரியாது.
* கார் இணைந்திருக்கையில் லேப்டாப்பைச் சுவர் சார்ஜரில் போடாமல் அதன் பேட்டரியிலேயே இயக்குங்கள். இடையில் யு.எஸ்.பி. ஐசோலேட்டர் ஒன்று இருப்பது நல்லது.
* பி.எம்.எஸ். தரும் எச்சரிக்கையை ஒருபோதும் சாப்ட்வேரில் அணைத்துவிட்டு ஓட்டாதீர்கள். லித்தியம் செல்லுக்கு மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டும் உண்டு. அவற்றைக் காப்பது இது ஒன்று தான்.

எந்த வரிசையில் மாற்றுவது?

பலரும் மோட்டாரில் தொடங்குகிறார்கள். என்னிடம் கேட்டால் சங்கிலியை மறுமுனையிலிருந்து பார்க்கச் சொல்வேன். முதலில் பிரேக்கும் டயரும். அடுத்து ஆக்ஸிலும் கியர் பாக்ஸும். பின்னர் பேட்டரியும் கேபிளும். இவை எவ்வளவு தாங்கும் என்று ஷீட்டில் எழுதிய பின், அந்த அளவுக்கு ஏற்ற மோட்டாரைத் தேடுங்கள். அப்போது பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிடச் சிறிய மோட்டாரே போதும் என்று தெரியவரும். 60 கிலோவாட்டோடு போக்ஸ்வேகன் நின்றதை நினைவில் கொள்ளுங்கள்.

இத்தகைய மாற்றம் செய்த காரைச் சாலையில் ஓட்ட அந்தந்த நாட்டு விதிகளின்படி அனுமதி வேண்டும். ஜெர்மனியில் தொழில்நுட்பச் சோதனை அமைப்பு ஒன்று காரைப் பார்த்து ஒப்புதல் தந்தால் தான் மாற்றம் பதிவாகும். அங்கும் உங்கள் ஷீட்டின் எண்கள் கைகொடுக்கும்.

உங்களிடம் பழைய காரே இல்லை என்றாலும் இந்த ஷீட்டைத் தயாரித்துப் பாருங்கள். ஓர் எண்ணை மாற்றியவுடன் மற்றவை எப்படி மாறுகின்றன என்பதைப் பார்க்கையில், எக்ஸெல் எதற்கு என்பதும் விளங்கும், கார் எப்படி ஓடுகிறது என்பதும் விளங்கும். அடுத்த முறை கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன், எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட் என்றும் ஒரு முறை பார்த்துவிடுவீர்கள்.